சாப்பாடு வைப்பதால்தான் பூனை பெருகுகிறதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கித் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். சென்னைப் புறநகரில் 48 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. போன வருடம் இரண்டு பூனைகளுக்குச் சாப்பாடு வைக்க ஆரம்பித்தீர்கள், இப்போது 11 பூனைகள். அதில் ஒன்று சினை. சங்கக் கூட்டத்தில் ‘எல்லாம் உங்களால்தான்’ என்று சொல்லிவிட்டார்கள். ஆள் வைத்துப் பிடித்து மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. கருத்தடை ஆபரேஷன் செய்தால் எண்ணிக்கை குறையுமா, அது பாவமில்லையா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முழுதும் படித்தபோது, ‘நான் சாப்பாடு வைப்பதை நிறுத்திவிட வேண்டுமா?’ என்பதுதான் உங்களை உறுத்துகிற கேள்வி என்று தோன்றியது. நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது வைக்கிற மாதிரியும் வைக்க வேண்டாம்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. தெருப்பூனைகளைப் பிடித்து, ஆபரேஷனுக்குக் கொண்டுபோய், தேறியதும் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விடுகிற வேலையைச் சென்னையில் பல வருடங்களாகச் செய்து வருகிறவர்களில் ஒருத்தி. மருத்துவம் சம்பந்தமாக இங்கே எழுதுவதெல்லாம் டாக்டர்கள் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டது. உங்கள் பூனையை நேரில் பார்க்கிற டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

உங்கள் மேல் வைத்த குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. வயிறு நிறைந்த தாய்ப்பூனைக்குப் பால் நன்றாக ஊறும், குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். இதை மறுத்துப் பேசினால் கூட்டத்தில் உங்கள் பேச்சு எடுபடாது. ஆனால் சாப்பாட்டை நிறுத்தினால் 11 பூனைகளும் வேறு ஊருக்குக் கிளம்பிப் போய்விடும் என்று நினைப்பது தவறு. குப்பைத் தொட்டி இருக்கிறது, எலி இருக்கிறது, பக்கத்துத் தெருவில் மீன்காரம்மா இருக்கிறார். பூனைகள் மெலியும், குப்பைப் பைகளைக் கிழிக்கும், அப்போதும் குட்டி போடும். உங்கள் கையில் இருக்கிற ஒரே பிடியும் நழுவிப்போகும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சாப்பிட வருகிற பூனையைத்தான் எண்ண முடியும், நோய் வந்தால் கண்டுபிடிக்க முடியும், கூண்டில் பிடிக்க முடியும். மற்றதெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைகிற வால் மட்டும்தான்.

அதனால் நேரத்தைக் கட்டுங்கள். காலையில் ஒரு வேளை, இரவு ஒரு வேளை. தட்டு வைத்து அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். கார் நிறுத்துமிடம் வேண்டாம், யார் வீட்டு வாசலும் வேண்டாம். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒரு மூலை போதும். மிச்சச் சோறு ராத்திரி முழுக்கக் கிடந்தால் எலியும் கரப்பானும் வரும், அதற்கும் பழி உங்கள் தலையில்தான் விழும். சோற்றோடு வேகவைத்த மத்தி மீனைப் பிசைந்து வைப்பதுதான் நம் ஊரில் கட்டுப்படியாகிறது. அது போதும். வெறும் தயிர்ச் சாதம் போதாது. டாரின் என்ற சத்து மாமிச உணவில்தான் பூனைக்குக் கிடைக்கும், அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். பசும்பால் பல பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். ஏப்ரல், மே வெயிலில் சாப்பாட்டைவிடத் தண்ணீர்க் கிண்ணம் முக்கியம். அப்புறம், துப்புரவுப் பணியாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பூனை படுக்கிற இடத்தில் பினாயிலை அப்படியே ஊற்ற வேண்டாம். பாதத்தில் பட்டதை அது நக்கும், பூனையின் கல்லீரலால் அந்த ரசாயனத்தை உடைக்க முடியாது.

இரண்டு எப்படிப் பதினொன்று ஆயின என்பது சாதாரணக் கணக்கு. பெட்டைப் பூனை ஐந்து மாதத்தில், சில சமயம் நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பார்த்தால் இன்னும் குட்டி மாதிரியே இருக்கும், நாம் ஏமாந்துபோவது அங்கேதான். இணை சேர்ந்தால்தான் கருமுட்டை வெளியாகும் என்பதால் கரு தங்கும் வாய்ப்பு மிக அதிகம். சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாள். பால் கொடுக்கிறதே, இப்போதைக்குக் கவலையில்லை என்று சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். குளிர்நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் பூனைகளுக்கு இனப்பெருக்கம் ஓய்ந்துவிடும். நமக்கு அந்த ஓய்வு கிடையாது, வருடம் முழுக்கக் குட்டிதான்.

இதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஒரு ஜோடிப் பூனை 7 வருடத்தில் 4 லட்சத்து 20 ஆயிரம் பூனையாகும்’ என்று ஒரு வாட்ஸ்ஆப் படம் சுற்றுகிறது. அதைத் தயவுசெய்து கூட்டத்தில் காட்டாதீர்கள். பிறக்கிற அத்தனை குட்டியும் பிழைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அமெரிக்காவில் வட கரோலினாவில் தெருப்பூனைகளைத் தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 169 குட்டிகளில் 127, அதாவது முக்கால்வாசி, ஆறு மாதம் ஆவதற்குள் செத்தோ காணாமலோ போயின. நம் ஊர் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான் என்று என் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்வேன், எண்ணிப் பார்த்த ஆய்வை வைத்துச் சொல்லவில்லை. கருத்தடையை நான் ஆதரிக்கக் காரணமே இந்த முக்கால்வாசிதான். எண்ணிக்கை வெடித்துவிடும் என்ற பயத்தைவிட, காருக்கடியில் நசுங்கியும் கண்ணில் சீழ் வைத்தும் போகிற குட்டிகள் பிறக்காமலே இருக்கட்டும் என்பதுதான் எனக்குப் பெரிய காரணம். ‘பாவமில்லையா’ என்ற கேள்விக்கு என் பதிலும் அதில் அடங்கிவிடுகிறது. உங்கள் மனம் வேறு மாதிரி சொன்னால் அதோடு நான் வாதாட முடியாது. ஆனால் பாவ புண்ணியம் பார்க்கிறவர்கள், போன மழையில் பிறந்த குட்டிகள் என்ன ஆயின என்பதையும் ஒருமுறை விசாரித்துவிட்டுப் பேசட்டும்.

மீன் மார்க்கெட் யோசனைக்கு வருகிறேன். கொண்டுபோய் விட்ட பூனை அங்கே நிம்மதியாக மீன் தின்று வாழும் என்பது நம் ஆறுதலுக்கு நாம் சொல்லிக்கொள்வது. அங்கே ஏற்கெனவே பூனைகள் இருக்கும், அவை இதை அடித்து விரட்டும். இது பழைய இடத்தைத் தேடிக் கிளம்பும், பாதி வழியில் ஏதாவது ஒரு பெரிய சாலையில் அடிபடும். இங்கே குப்பையும் எலியும் அப்படியே இருக்கும், பக்கத்துத் தெருவிலிருந்து புதுப் பூனை வந்து உட்காரும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் காட்டுப் பகுதியில் பூனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றிப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அகற்றிய இடங்களில் பூனை நடமாட்டம் குறையவில்லை, கூடியது. அது காடு, உங்களுடையது அடுக்குமாடி, அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ‘பிடித்துவிட்டோம், மூன்று மாதத்தில் மறுபடி அதே எண்ணிக்கை’ என்று சொல்கிற சங்கச் செயலாளர்களைச் சென்னையில் தேடி அலைய வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம் பூனைக்கும் பொருந்தும். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்பது தெரிந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள், அதனால் அதை நம்பிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். விஷம் வைப்பதாக யாராவது பேசினால் மட்டும், விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய குற்றவியல் சட்டத்தின் 325-ஆவது பிரிவில் 5 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று அமைதியாகச் சொல்லுங்கள். 2023-இல் வந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் பெரும்பாலும் தெருநாய்களைப் பற்றியவை. ஆனால் குடியிருப்பில் வாழும் சமூக விலங்குகளுக்கு, அதாவது உரிமையாளர் இல்லாத தெரு விலங்குகளுக்கு, உணவளிக்க ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. சண்டைக்கு எடுக்கிற ஆயுதமாக இல்லாமல், சாப்பாட்டுக்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்பதற்கு அது உதவும்.

சரி, ஆபரேஷன் செய்தால் எண்ணிக்கை குறையுமா? குறையும், சில நிபந்தனைகளோடு. அமெரிக்காவில் மத்திய புளோரிடாவின் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 11 வருடம் நடந்த வேலையைப் பற்றிய ஆய்வில், 1996-இல் 68 ஆக இருந்த பூனைகள் 2002-இல் 23 ஆயின. 1995-க்குப் பிறகு அங்கே குட்டியே பிறக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே இருந்த 155 பூனைகளில் ஏறக்குறைய பாதியை வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள். ஆபரேஷன் மட்டுமே செய்த வேலை அது என்று சொல்ல முடியாது. இஸ்ரேலில் ரிஷோன் லெசியோன் நகரத்தில் 12 வருடம் பார்த்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. முதல் 4 வருடம் சும்மா எண்ணினார்கள். அடுத்த 4 வருடம் நகரத்தின் பாதிப் பகுதிகளில் மட்டும் ஆபரேஷன், எண்ணிக்கை இறங்கவில்லை. கடைசி 4 வருடம் எல்லாப் பகுதிகளிலும், 70 சதவீதத்துக்கு மேல் பூனைகளுக்குச் செய்தார்கள். அப்போதுதான் வருடத்துக்குச் சுமார் 7 சதவீதம் இறங்கியது. நடுவில் இடம் விட்டுவிட்டுச் செய்தால் பக்கத்திலிருந்து பூனைகள் வந்து நிரப்பிவிடுகின்றன, மிச்சமிருக்கிற பெட்டைகளின் குட்டிகளும் நன்றாகப் பிழைத்துவிடுகின்றன. ரோம் நகரத்துக் கதை மூன்றாவது. 1991-லிருந்து அங்கே தெருப்பூனைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பத்து வருடத்தில் ஏறக்குறைய 8,000 பூனைகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். கூட்டங்கள் சிறுத்தன. ஆனால் மக்கள் வீட்டுப் பூனைகளைக் கொண்டுவந்து விடுவது நிற்கவில்லை. அதை நிறுத்தாமல் ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டிருப்பது பணத்துக்கும் உழைப்புக்கும் நஷ்டம் என்று ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள்.

சென்னை முழுவதும் பூனை குறையுமா என்று கேட்டால் யாராலும் உறுதி சொல்ல முடியாது. சுவர் உள்ள ஒரு காம்பவுண்டில், 11 பூனைகளில் பத்துக்காவது சில மாதங்களுக்குள் முடித்து, புதிதாக வருவதைக் கவனித்துக்கொண்டே இருந்தால் குட்டி பிறப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அது உறுதி. எண்ணிக்கை அதற்கப்புறம் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டு மூன்று வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு, அடுத்த தெருவில் மூன்று என்று சிதறிச் செய்வதில் புண்ணியம் உண்டு, பலன் குறைவு. முதலில் உங்கள் காம்பவுண்டை முழுதாக முடியுங்கள், அப்புறம் பக்கத்துக் காம்பவுண்டுக்குப் போங்கள். புதுத் தன்னார்வலர்கள் சோர்ந்து விலகுவது பெரும்பாலும் எங்கே கூப்பிட்டாலும் ஓடுவதால்தான்.

தொடக்கம் செல்போனில். 11 பூனைகளையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், வால், காது, மூக்குப் புள்ளி தெரிகிற மாதிரி. பெட்டையா கடுவனா, குட்டியா பெரியதா என்று எழுதுங்கள். மூன்று நிறம் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். கன்னம் உப்பி, முகம் அகலமாக, காதில் சண்டைத் தழும்போடு வருவது பெரும்பாலும் கடுவன். பிறகு டாக்டரிடம் நாள் வாங்குங்கள். பூனையைப் பிடித்துவிட்டு டாக்டரைத் தேடாதீர்கள். மிரண்ட தெருப்பூனையைக் கூண்டோடு ஏற்றுக்கொள்வீர்களா, காது நுனியை வெட்டி விடுவீர்களா, தானே கரைகிற தையல் போடுவீர்களா, பெட்டையை ஓர் இரவு வைத்துக்கொள்ள இடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுப் பூனைகளை அருமையாகப் பார்க்கிற டாக்டர்கள் சிலர் தெருப்பூனையைத் தொடத் தயங்குவார்கள், அதில் தப்பில்லை. தொண்டு நிறுவனங்களிலும் கேட்டுப் பாருங்கள். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை என்ற யோசனையை ப்ளூ கிராஸ் 1964-லிலேயே இந்த ஊரில் தொடங்கிவிட்டது, மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். பூனைக்கென்று அரசு ஏற்பாடு அந்த அளவுக்கு வளரவில்லை, செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டும் என்பதால் கடுவனைவிட அதிகம் ஆகும்.

கூண்டு எலிக்கூண்டு மாதிரியேதான், அளவு பெரியது. சாக்கில் பிடிப்பது, துண்டைப் போட்டு அமுக்குவது எல்லாம் வேண்டாம், உங்கள் கைதான் கிழியும். நாலைந்து நாள் கூண்டுக் கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைத்து, உள்ளேயே சாப்பாடு வையுங்கள். பயம் தெளிந்ததும், நாள் வாங்கிய தேதிக்கு முந்தின நாள் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாலையில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மிதிபலகைக்கு அந்தப் பக்கம், கூண்டின் கடைசியில், ஒரு தேக்கரண்டி அளவு மத்தி. நீங்கள் நின்று பார்த்தால் வராது, தள்ளிப் போங்கள். பூனை முன்னங்காலை வைக்கும், கழுத்தை நீட்டும், திரும்பிப் போகும், மறுபடி வரும். பின்னங்கால் உள்ளே வந்து பலகை அழுந்தினால் கதவு படாரென்று விழும். அடுத்த இரண்டு நொடியில் அது கூண்டின் நாலு பக்கமும் மோதும். ஓடிப்போய்ப் பழைய போர்வையைக் கூண்டு முழுக்க மூடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். எவ்வளவு அழுதாலும் கதவைத் திறந்து தடவிக்கொடுக்க நினைக்காதீர்கள்.

இரவு காற்றோட்டமான இடத்தில், கூண்டுக்கடியில் செய்தித்தாள் போட்டு வைத்திருந்து, காலையில் கொண்டுபோகலாம். பெரிய பூனை வெறும் வயிற்றில் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். மூன்று நான்கு மாதக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரைக் கேளுங்கள். ஆட்டோ டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கூண்டுக்கடியில் பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள், வழியில் மூத்திரம் போகும். வெயில் காலத்தில் கூண்டை ஆட்டோவில் விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிற வேலையே கூடாது.

மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை, ஒரு சென்டிமீட்டர் போல, நேராக வெட்டிவிடுவார்கள். தெருநாய்களின் காதில் பார்த்திருப்பீர்களே, அதே காரியம்தான். பார்க்கச் சிலருக்கு மனம் கஷ்டப்படும். ஆனால் அந்த அடையாளம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு யாராவது அதே பெட்டையைப் பிடித்து, வயிற்றைத் திறந்துபார்த்துவிட்டுத் தைப்பார்கள். அதே மயக்கத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போடச் சொல்லுங்கள். இந்தப் பூனை மறுபடி கூண்டுக்குள் வருமா என்பது சந்தேகம், கிடைத்த சந்தர்ப்பத்தை விடக் கூடாது.

ஆபரேஷன் முடிந்து வருகிற பூனை கண் திறந்தபடி அசையாமல் கிடக்கும். அந்த மயக்க மருந்தின் தன்மை அது, பயப்பட வேண்டாம். உடம்புச் சூடு இறங்கியிருக்கும், மின்விசிறிக்கு நேராக வைக்காதீர்கள். தலை நிற்காமல் தள்ளாடும்வரை தண்ணீர்க் கிண்ணம் உள்ளே வைக்காதீர்கள், முகம் அதில் கவிழ்ந்துவிடும். முழுதாகத் தெளிந்ததும் கொஞ்சம் சாப்பாடு. கடுவனை மறுநாளே விடலாம். பெட்டைக்கு ஒன்றிரண்டு நாள், டாக்டர் சொல்கிறபடி. பிடித்த இடத்திலேயே, கூண்டுக் கதவு சாலையைப் பார்க்காத மாதிரி வைத்துத் திறங்கள், அம்பு மாதிரி ஓடும். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு வராமல் கோபித்துக்கொள்ளும், இரண்டு நாளில் சரியாகிவிடும். தையல் வீங்கினால், சீழ் வந்தால், சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் டாக்டருக்குப் படம் அனுப்புங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கிற மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போகப் போடும் பெர்மெத்ரின் சேர்ந்த மருந்தும் அப்படித்தான்.

உங்கள் சினைப்பூனைக்குத்தான் சுலபமான பதில் இல்லை. சினையோடு ஆபரேஷன் செய்ய முடியும், ஆரம்ப நிலையில் பல டாக்டர்கள் செய்கிறார்கள், கரு போய்விடும். இதில் மருத்துவர்களுக்குள்ளும் தன்னார்வலர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து கிடையாது. எனக்கு ஆரம்ப மாதம் என்றால் சம்மதம். வயிறு தொங்கி, காம்பு தெரிந்து, குட்டி அசைவது பார்த்தாலே தெரிகிற நிலை என்றால் விட்டுவிடுவேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது இரண்டாவது வகை மாதிரி இருக்கிறது. குட்டி போடட்டும். பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள், அது போலவே தூக்கிக்கொண்டு அலையும். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்துத் தொந்தரவு செய்தால் இன்னும் அதிகம் மாற்றும். குட்டிகள் ஐந்து ஆறு வாரத்தில் தாயோடு சாப்பாட்டுக்கு வர ஆரம்பிக்கும். அப்போது தாயைப் பிடியுங்கள். அதற்குமேல் தள்ளிப்போட்டால் மறுபடி சினையாகிவிடும். ஆபரேஷன் ஆனாலும் பால் நின்றுவிடாது. ஆனால் குட்டிகள் எங்கேயோ ஒளிந்திருந்தால் தாயை ஓர் இரவுக்குமேல் வைத்திருக்க வேண்டாம். இதனால்தான் எந்தப் பெட்டையைப் பிடித்தாலும் முதலில் வயிற்றுப் பக்கம் முடி உதிர்ந்து காம்பு பெரிதாக இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

குட்டிகளில் பழகக்கூடியவற்றுக்கு வீடு தேடுங்கள். மனிதரோடு ஒட்டுகிற பருவம் இரண்டிலிருந்து ஏழு வாரம் வரை. அதைத் தாண்டினால் முடியாதென்று இல்லை, பொறுமை அதிகம் வேண்டும். வெவ்வேறு இடத்துக் குட்டிகளை ஒரே அறையில் கலக்காதீர்கள். பார்வோ இனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் வந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இரண்டு நாளில் வரிசையாகப் போய்விடும். தரையில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் இருக்கும், நீர்த்த பிளீச்சிங் கரைசல்தான் கேட்கும். குட்டிகளைக் கொஞ்சி உங்கள் கையில் படர்தாமரை வந்தால் அது இந்த வேலையில் எல்லாருக்கும் வருவது, தோல் டாக்டரைப் பாருங்கள்.

பெட்டைகளுக்கு முதலில் செய்தால் போதாதா, கடுவனுக்கு எதற்குச் செலவு என்று கேட்பார்கள். குட்டிக் கணக்கு மட்டும் பார்த்தால் பெட்டைதான் முக்கியம், ஒரே ஒரு கடுவன் மிச்சமிருந்தாலும் எல்லாப் பெட்டைக்கும் அது போதும். ஆனால் உங்கள் சங்கத்தின் புகார்ப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுகிற மாதிரி சத்தம், கார் சக்கரத்தில் மூத்திர நாற்றம், சண்டை. பெரும்பாதி கடுவன் வேலை. அதனால் முதல் சுற்றில் அந்த அகல முகத்துக்காரன் ஒருவனையாவது சேர்த்துவிடுங்கள். சில வாரங்களில் நாற்றமும் சண்டையும் குறைவதை மற்றவர்கள் தாங்களாகவே சொல்வார்கள், அடுத்த சுற்றுக்குப் பணம் கேட்பது சுலபமாகும். ஆபரேஷன் ஆன உடனே அவன் மலடாகிவிட மாட்டான், சில வாரம் வரை சினைப்படுத்த முடியும். அந்த இடைவெளியில் ஒரு பெட்டை சினையானால் டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

கடியும் பிராண்டலும் விளையாட்டில்லை. பட்ட இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வெறிநோய் ஊசி இலவசம். கடித்த பூனை உங்களுக்குப் பழகியது என்பதால் விட்டுவிடக் கூடாது. இந்த வேலையைத் தொடரப் போகிறீர்கள் என்றால் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பூனை ஆகாது என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற அந்தக் கிருமி உண்மைதான். ஆனால் பூனை மலத்தில் வெளிவந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே அது தொற்றும் நிலைக்கு வரும், வேகாத இறைச்சியிலும் கழுவாத காய்கறியிலும் மண்ணிலும்கூட வரும். கர்ப்பிணி பூனை மலத்தை அள்ள வேண்டாம், தோட்ட வேலைக்குப் பிறகு கை கழுவட்டும், அது போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூனை வேட்டையாடும் விலங்கு. ஓணான், அணில், சிட்டு எல்லாம் அதற்கு இரைதான், ஆபரேஷன் ஆன பூனையும் பிடிக்கும். பறவை ஆர்வலர்கள் இந்த முறையை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. சதுப்பு நிலத்தையோ காட்டையோ ஒட்டிய இடங்களில் பூனையைத் திரும்ப விடலாமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு, அங்கெல்லாம் தத்துக் கொடுப்பதுதான் சரி. கட்டடங்களுக்கு நடுவில் இருக்கிற உங்கள் காம்பவுண்டில் அந்தத் தயக்கம் இல்லை.

முதல் சுற்று முடிந்ததும் புது முகங்கள் வரும், இரண்டு வழியில். ஒன்று பக்கத்துத் தெருவிலிருந்து சுவர் ஏறி வருவது. இன்னொன்று, ‘அங்கே ஓர் அம்மா சாப்பாடு வைக்கிறார்’ என்று கேள்விப்பட்டு யாரோ அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது. அதனால் நீங்கள் சாப்பாடு வைக்கிற படத்தையோ இடத்தையோ பொதுவில் போடாதீர்கள், காவலாளியிடமும் பெட்டியோடு வருகிறவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். குடியிருப்புக்குள்ளேயே பூனை வளர்க்கிற வீடுகளில் அந்தப் பூனைக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று விசாரியுங்கள், வெளியே நடமாடுகிற ஒரு வீட்டுக் கடுவன் உங்கள் கணக்கையெல்லாம் குலைத்துவிடுவான். சாப்பாட்டு வேளையில் காது வெட்டில்லாத பூனை ஒன்று தூரத்தில் நின்று பார்த்தால் அந்த வாரமே கூண்டுக் கதவைக் கட்டி வைக்கத் தொடங்குங்கள். மிரளாமல் நேராக வந்து காலை உரசினால் அது யாரோ தொலைத்ததாக இருக்கலாம். கூண்டுக்கு முன்னால் அக்கம்பக்கத்து வாட்ஸ்ஆப் குழுக்களில் படம் போட்டு யாருடையது என்று கேளுங்கள்.